மதுரையில் செகண்ட் ஹேண்ட் கார்: மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா?

முதல் கார் வாங்க நினைப்பவர்கள் "எந்த கம்பெனி வண்டி நல்லது?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முன்னால் தீர்மானிக்க வேண்டியவை இரண்டு உண்டு. வண்டி எந்த ரோட்டில் ஓடப் போகிறது? யார் ஓட்டப் போகிறார்கள்? அண்ணாநகரிலிருந்து கோரிப்பாளையம், யானைக்கல், சிம்மக்கல் என்று தினமும் ஊர்ந்து போய்வரும் பேங்க் ஊழியருக்கும், உசிலம்பட்டிப் பக்கம் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு மாதத்துக்கு ஒருதரம் டவுனுக்கு வருபவருக்கும் ஒரே வண்டி பொருந்தாது. இதைத் தீர்மானிக்காமல் பழைய வண்டி விற்கும் கன்சல்டிங் கடைக்குப் போனால், அங்கே நிற்கிற வண்டிக்கு ஏற்ப உங்கள் தேவையை மாற்றி அனுப்பிவிடுவார்கள்.

பட்ஜெட்டிலும் அதே மாதிரி. கையில் 4 லட்சம் இருந்தால் 3.5 லட்சத்துக்கு மேல் வண்டி பார்க்காதீர்கள். வாங்கின கையோடு ஆயில், ஃபில்டர், பெயர் மாற்றம், இன்சூரன்ஸ் என்று செலவு வரும். நாலு டயரும் தேய்ந்திருந்தால் சின்ன வண்டிக்கே 15,000 ரூபாயைத் தாண்டிவிடும். பழைய வண்டிக்கான லோன் வட்டி, புது வண்டிக்கான வட்டியைவிடக் கூடுதல் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

ஆட்டோமேட்டிக் என்றால் எந்த ஆட்டோமேட்டிக்?

கிளட்ச் பெடல் இல்லாத வண்டியெல்லாம் ஒன்று என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். உள்ளே இருக்கும் சாமான் வேறு வேறு. பழைய வண்டியில் அந்த வித்தியாசம்தான் உங்கள் செலவைத் தீர்மானிக்கும்.

ஏ.எம்.டி. என்பது 2014-ல் மாருதி செலேரியோ மூலம் நம் நாட்டுக்கு வந்தது. மாருதி இதை ஏ.ஜி.எஸ். என்று சொல்லும். வேகன் ஆர், ஸ்விஃப்ட், டிசையர், டாடா டியாகோ, நெக்ஸான், ரெனோ க்விட் எல்லாவற்றிலும் உண்டு. அடிப்படையில் இது மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச் மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் நமக்குப் பதிலாக ஒரு கருவி செய்கிறது. கிளட்ச் பிளேட் உள்ளே இருக்கிறது, அதுவும் தேயும். "ஆட்டோமேட்டிக், கிளட்ச் செலவே கிடையாது சார்" என்று யாராவது சொன்னால் அது இந்த வண்டிக்குப் பொருந்தாது. மைலேஜ் மேனுவலை ஒட்டியே வரும், விலையும் ரொம்ப ஏறாது. கியர் மாறும்போது தலை லேசாக முன்னால் போய்வரும். சிலருக்கு அது பிடிக்காது, பலருக்கு ஒரு வாரத்தில் பழகிவிடும்.

டார்க் கன்வெர்ட்டர், அதாவது எஞ்சின் விசையைக் கிளட்ச் பிளேட்டுக்குப் பதிலாக ஆயில் வழியாகக் கடத்துவது. பழைய முறை, ஆனால் உழைக்கும். எர்டிகா, சியாஸ், பிரெஸ்ஸா பெட்ரோல், இன்னோவா கிரிஸ்டா ஆகியவற்றின் ஆட்டோமேட்டிக்கில் இருப்பது இதுதான். பழைய நாலு கியர் பெட்டிகள் பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும். பராமரித்த வண்டி என்றால் தைரியமாக வாங்கலாம்.

சி.வி.டி.யில் கியர் படிகளே இல்லை, பெல்ட்டும் புல்லியும்தான். 2014-க்குப் பிந்தைய ஹோண்டா சிட்டி பெட்ரோல், 2022 வரை வந்த பலேனோ ஆட்டோமேட்டிக் எல்லாம் இந்த வகை. டவுனுக்குள் வெண்ணெய் மாதிரி போகும். ஆனால் இதன் ஆயிலை நேரத்துக்கு மாற்றியிருக்க வேண்டும், அதற்கு பில் இருக்க வேண்டும். பில் இல்லாத சி.வி.டி. வண்டியை விலை குறைத்துத் தந்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

டி.சி.டி., அதாவது இரட்டைக் கிளட்ச். 2020-க்கு முன் வந்த போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. ஆட்டோமேட்டிக், வென்யூ டர்போ ஆட்டோமேட்டிக் போன்றவை. ஓட்டுவதற்கு இதைப்போல் சுகம் இல்லை. வாரன்டி முடிந்த டி.சி.டி.யில் கோளாறு வந்தால் வரும் பில்லும் அதே அளவுக்குப் பெரியது. அதிலும் உலர் கிளட்ச் (ஆயிலில் நனையாதது) உள்ளவை ஊர்ந்து போகும் டிராஃபிக்கில் சூடாகும். முதல் காராக இதை வாங்க வேண்டாம்.

இன்னொன்று, ஐ.எம்.டி. 2020-ல் வென்யூ, சோனெட் வண்டிகளில் வந்தது. கிளட்ச் பெடல் இருக்காது, ஆனால் கியரை நாம்தான் கையால் போட வேண்டும். விளம்பரத்தில் இதையும் ஆட்டோமேட்டிக் என்று போட்டுவிடுகிறார்கள். போனிலேயே "டி பொசிஷன் இருக்கா?" என்று கேட்டுவிடுங்கள். டி என்றால் டிரைவ், அதில் போட்டால் கியர் தானாக மாறும்.

யாருக்கு எது

தினமும் நகரத்துக்குள் ஓட்டுபவர், முட்டி வலி உள்ளவர், ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக ஓட்டக் கற்றுக்கொள்பவர் ஆகியோருக்கு ஆட்டோமேட்டிக் நல்லது. கோரிப்பாளையம் சிக்னலில் நாலு தடவை நின்று எடுப்பதற்குள் மேனுவல் வண்டியில் இடது கால் கெஞ்சும். சித்திரைத் திருவிழா நேரத்தில் மாசி வீதிப் பக்கம் மாட்டிக்கொண்டால் சொல்லவே வேண்டாம். கிளட்ச், கியர், கண்ணாடி, ஆட்டோ, டூவீலர் என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்க்கத் தடுமாறும் புதியவருக்கு, முதல் இரண்டைக் குறைத்துக் கொடுப்பது பெரிய உதவி.

பேரையூர், எழுமலை, கொட்டாம்பட்டிப் பக்கம் இருப்பவர்களுக்கு மேனுவல்தான் என் சிபாரிசு. காரணம் ரிப்பேர். மேனுவல் வண்டியில் கிளட்ச் மாற்ற பக்கத்து ஊர் ஷெட்டே போதும். ஏ.எம்.டி.யில் கிளட்ச் மாற்றினால் பிறகு ஸ்கேனர் போட்டு வண்டியின் கம்ப்யூட்டரைப் புது கிளட்ச்சுக்குப் பழக்கிவிட வேண்டும், அந்த வசதி எல்லா ஷெட்டிலும் இருக்காது. பேட்டரி இறங்கிப்போனால் மேனுவலைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம், ஆட்டோமேட்டிக்கில் அது நடக்காது. டார்க் கன்வெர்ட்டர், சி.வி.டி. வண்டிகள் வழியில் நின்றால் கயிறு கட்டி இழுக்கவும் கூடாது, லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

வீட்டில் இரண்டு பேர் ஓட்டுவதாக இருந்தால், ஓட்டுவதற்கு அதிகம் பயப்படுபவரின் வசதிக்கு வாங்குங்கள். மற்றவர் எதையும் ஓட்டிக்கொள்வார்.

வண்டியைப் பார்க்கும் முன் பேப்பரைப் பாருங்கள்

கன்சல்டிங்கோ, புரோக்கரோ, நேரடி ஓனரோ, யாராக இருந்தாலும் முதலில் வண்டி நம்பரைக் கேட்டு வாங்குங்கள். மத்திய அரசின் பரிவாகன் தளத்திலோ எம்-பரிவாகன் ஆப்பிலோ போட்டால் பதிவு தேதி, எத்தனையாவது ஓனர், லோன் இருக்கிறதா, இன்சூரன்ஸ் எதுவரை என்பது தெரிந்துவிடும். அபராதம் பாக்கி இருக்கிறதா என்று இ-சலான் பக்கத்தில் பாருங்கள். டி.என். 58 மதுரை தெற்கு, 59 வடக்கு, 64 மத்தி. நம் மாவட்ட வண்டி என்றால் சர்வீஸ் எங்கே நடந்தது என்று விசாரிப்பது சுலபம். புதுச்சேரி, கர்நாடகா நம்பர் வண்டி விலை குறைவாக இருக்கும். வேறு மாநில வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்தாக வேண்டும், இங்கே வரி கட்ட வேண்டும், அந்த ஊர் ஆர்.டி.ஓ. தரும் என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று) வேண்டும். அதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் மலிவு காணாமல் போய்விடும்.

டி போர்டில் (வாடகை டாக்ஸியாக) ஓடி, பிறகு ஓன் போர்டாக (சொந்த உபயோகத்துக்கு) மாற்றின வண்டியும் சந்தையில் வரும். நிறைய ஓடியிருக்கும். விற்பவரிடம் நேராகக் கேளுங்கள், பழைய மஞ்சள் போர்டின் தடயம் ஆர்.சி.யிலும் இன்சூரன்ஸிலும் கிடைக்கும்.

வருடத்தையும் பாருங்கள். 2019 ஏப்ரலிலிருந்து புதுக் கார்களில் ஏ.பி.எஸ். (சடன் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது), அதே வருடம் ஜூலையிலிருந்து டிரைவர் ஏர்பேக் கட்டாயம். அதனால் 2018 வண்டிக்கும் 2020 வண்டிக்கும் நடுவில் 40,000 ரூபாய் வித்தியாசம் என்றால் புதியதையே எடுங்கள். இந்தியாவில் கடையை மூடிய கம்பெனிகளின் வண்டிகள், 2017-ல் விற்பனையை நிறுத்திய செவ்ரோலே, 2021-ல் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்த ஃபோர்டு போன்றவை, நல்ல நிலையில் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. மேனுவல் என்றால் யோசிக்கலாம். ஆட்டோமேட்டிக் என்றால் கியர்பாக்ஸ் பார்ட்ஸ் தேடி அலைய நேரிடும்.

இன்சூரன்ஸ் பாலிசியில் என்.சி.பி. (நோ கிளெய்ம் போனஸ், அதாவது பிரீமியத்தில் தள்ளுபடி) என்று ஒரு சதவீதம் போட்டிருக்கும். கிளெய்ம் வாங்காத ஒவ்வொரு வருடத்துக்கும் 20, 25, 35, 45, 50 என்று ஏறும். ஆறு வருட வண்டி, ஒரே ஓனர், "ஒரு கீறல்கூட இல்லை" என்கிறார். பாலிசியிலோ என்.சி.பி. பூஜ்யம். அப்படியானால் போன வருடம் கிளெய்ம் நடந்திருக்கிறது, அல்லது இன்சூரன்ஸ் இடையில் விட்டுப்போயிருக்கிறது. எதற்காக என்று கேளுங்கள். இந்த ஒரு எண், விற்பவரின் அரைமணி நேரப் பேச்சைவிட அதிகம் சொல்லும்.

நிறுத்தி வைத்துப் பார்ப்பது

பகல் வெளிச்சத்தில், எஞ்சின் ஆறியிருக்கும்போது போங்கள். போனதும் பானட்டில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக ஏற்கெனவே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். கூடவே, உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்துப் போங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலிதான் இந்த முழு விஷயத்திலும் நீங்கள் செய்யும் உருப்படியான செலவு. விற்பவர் சொல்லும் மெக்கானிக் வேண்டாம்.

பானட்டைத் திறந்தால் இரண்டு பக்கமும் ஃபெண்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் தெரியும். கம்பெனியில் போல்ட் முடுக்கிய பிறகுதான் பெயிண்ட் அடிப்பார்கள். ஸ்பேனர் போட்டுக் கழற்றியிருந்தால் போல்ட்டின் முனைகளில் பெயிண்ட் உதிர்ந்து உலோகம் தெரியும், அல்லது போல்ட் புதிதாகப் பளபளக்கும். கதவுக் கீல் போல்ட்டுகளையும் இப்படியே பாருங்கள். பிறகு கதவின் ரப்பர் பீடிங்கைக் கொஞ்சம் விலக்கினால் தகரத்தில் வட்ட வட்டமாக வெல்டிங் குழிகள் வரிசையாக இருக்கும். ஒரு பக்கம் குழி இருந்து, மறுபக்கம் பட்டி போட்டு வழவழவென்று இருந்தால் அங்கே பெரிய அடி விழுந்து டிங்கரிங் நடந்திருக்கிறது. பம்பரில் பெயிண்ட் அடித்திருப்பது பெரிய குற்றமில்லை, நம் ஊர் டூவீலர்களுக்கு நடுவே அது சகஜம். கூரையைத் தாங்கும் தூண்களிலும் சேஸிலும் கை வைத்திருந்தால் விட்டுவிட வேண்டும்.

வெள்ளத்தில் மூழ்கின வண்டியைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2015 டிசம்பரில் சென்னையும், 2023 டிசம்பரில் சென்னை, தூத்துக்குடி, நெல்லையும் மூழ்கின. 2024 அக்டோபரில் நம் செல்லூர்ப் பக்கமே வீதியில் தண்ணீர் நின்றது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்துப் பாருங்கள். சுருளின் உள்பகுதியில் மண் கறைக் கோடு இருந்தால் தண்ணீர் அதுவரை ஏறியிருக்கிறது. சீட்டைச் சுத்தம் செய்பவர்கள் பெல்ட்டை மறந்துவிடுவார்கள். சீட்டுக்கு அடியில் உள்ள ரயில், ஸ்டெப்னிக் குழி, தரை விரிப்புக்கு அடியில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மீட்டரில் 38,000 கிலோமீட்டர் காட்டும் வண்டியின் பிரேக் பெடல் ரப்பர் வழுக்கையாக இருந்தால் மீட்டரை நம்பாதீர்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஓனர் மூலமாக ரிக்கார்டு கேட்டு வாங்கலாம். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது.

ஸ்டார்ட் செய்யும்போது பின்னால் ஒருவர் நின்று புகையைப் பார்க்கட்டும். நீலப் புகை என்றால் ஆயில் குடிக்கிறது. குளிரில் வரும் வெள்ளைப் புகை சில நிமிடத்தில் நின்றுவிட வேண்டும், நிற்காமல் வந்தால் கூலண்ட் எரிகிறது. ஆயில் மூடிக்கு அடியில் பால் நிறத்தில் பிசுபிசுப்பு இருந்தாலும் அதே சந்தேகம்தான்.

ஓட்டிப் பார்ப்பது: இங்கே அவசரப்படாதீர்கள்

ஐந்து நிமிடம் தெருவைச் சுற்றிவிட்டு வருவது டெஸ்ட் டிரைவ் ஆகாது. ஆட்டோமேட்டிக் வண்டிக்கு ஒரு மணி நேரம் வேண்டும், ஏனென்றால் அதன் நோய் சூடான பிறகுதான் வெளியே வரும். என் சித்தப்பா மகனுக்காக ஒரு ஏ.எம்.டி. வண்டி பார்த்தோம். மாட்டுத்தாவணியில் எடுத்தபோது ஒரு குறை சொல்ல முடியவில்லை. கே.கே. நகர் தாண்டி கோரிப்பாளையம் நெரிசலில் ஊர்ந்து, ஏ.வி. பாலத்தில் ஏறும்போது முதல் கியரிலிருந்து இரண்டுக்கு மாறத் திணறி, முதுகில் தள்ளியது போல் ஒரு உதறல். சிம்மக்கல் வருவதற்குள் இன்னும் இரண்டு தடவை. கூட வந்த மெக்கானிக் "கிளட்ச் பிளேட் முடிஞ்சுபோச்சுண்ணே, இறங்கிருவோம்" என்றார். அந்த வண்டி தெருவுக்குள் மட்டும் ஓடியிருந்தால் அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்திருப்போம்.

அதனால் பாதையை நீங்களே தீர்மானியுங்கள். முதலில் நெரிசல், பிறகு ரிங் ரோட்டில் 80 வரை, கடைசியாக மறுபடி நெரிசல். நடுவில் பேஸ்மென்ட் பார்க்கிங் உள்ள ஏதாவது பெரிய கடைக்குள் விட்டு, அந்தச் சரிவில் ஏறும்போது பாதியில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். பழைய ஏ.எம்.டி. கொஞ்சம் பின்னால் உருள்வது சகஜம். ஆனால் உதறினாலோ, கருகின வாடை அடித்தாலோ வேண்டாம். நின்ற இடத்தில் பிரேக்கை மிதித்தபடி என்.-லிருந்து (நியூட்ரல்) டி.-க்கும், அங்கிருந்து ஆர்.-க்கும் (ரிவர்ஸ்) மாற்றுங்கள். டக்கென்று இடி விழக்கூடாது, ரொம்ப யோசித்தும் ஏறக்கூடாது. சி.வி.டி.யில் நிதானமாக வேகம் பிடிக்கும்போது நடுக்கமோ, வேகத்தோடு சேர்ந்து ஏறும் ஊளைச் சத்தமோ இருக்கக் கூடாது. டார்க் கன்வெர்ட்டரில் கியர் மாறுவது உங்களுக்குத் தெரியவே கூடாது.

மேனுவலுக்கு ஒரு சுலபமான சோதனை. ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுத்து, மூன்றாவது கியரில் போட்டு, லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்தபடி கிளட்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் உடனே அணைந்துவிட வேண்டும். அணையாமல் உறுமிக்கொண்டே இருந்தால் பிளேட் தேய்ந்து வழுக்குகிறது. ஒரு தடவை பார்த்தால் போதும், திரும்பத் திரும்பச் செய்தால் நல்ல கிளட்ச்கூட வீணாகும். அப்புறம், ஓடும்போது ஒவ்வொரு கியரும் கரகரக்காமல் விழுகிறதா, போட்ட கியர் தானாகக் கழன்று வருகிறதா என்று பாருங்கள்.

ஏ.சி.யை எந்த வண்டியானாலும் நண்பகலில், நின்ற நிலையில் சோதியுங்கள். ஓடும்போது நன்றாகக் குளிர்ந்து சிக்னலில் நின்றதும் சூடாக வந்தால் மதுரை வெயிலுக்கு அது உதவாது.

பேரம், அட்வான்ஸ், பெயர் மாற்றம்

மெக்கானிக் எழுதிக் கொடுத்த குறைகளை வைத்துப் பேசுங்கள். டயர், பேட்டரி, கிளட்ச் என்று ஒவ்வொன்றுக்கும் விலை விசாரித்துக்கொண்டு போனால் குறைத்தே ஆக வேண்டும். டோக்கன் அட்வான்ஸ் சிறிதாக இருக்கட்டும். "லோன் கிடைக்காவிட்டால், பேப்பர் சரியில்லாவிட்டால் திருப்பித் தரப்படும்" என்று ரசீதில் எழுதி வாங்குங்கள்.

ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்தான் சட்டப்படி ஓனர். விபத்து நடந்தால் பதிவில் இருப்பவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. கன்சல்டிங் கடையில் நிற்கும் பல வண்டிகள் முந்தைய ஓனர் பெயரிலேயே இருக்கும். அவரை நேரில் பாருங்கள், முடியாவிட்டால் போனிலாவது பேசுங்கள். பெயர் மாற்றத்துக்கு அவர் கையெழுத்தும் அவர் போனுக்கு வரும் ஓ.டி.பி.யும் தேவைப்படும். ஃபாரம் 29, ஃபாரம் 30 இரண்டும் கட்டாயம். லோன் இருந்த வண்டி என்றால், லோன் முடிந்ததைக் காட்டும் ஃபாரம் 35-ம் பேங்க் என்.ஓ.சி.யும் கைக்கு வந்த பிறகே முழுப் பணத்தையும் கொடுங்கள். சேஸிஸ் நம்பரை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். டெலிவரி நோட்டில் தேதியோடு நேரத்தையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள், இல்லாவிட்டால் உங்கள் வண்டிக்கு அடிபட்டால் கிளெய்ம் சிக்கலாகும். பழைய ஓனரின் என்.சி.பி. சலுகை அவரோடு போய்விடும், அந்த வித்தியாசத் தொகையை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும்.

ஆட்டோமேட்டிக் எடுத்தவர்களுக்கு முதல் வாரம்

இடது காலுக்கு வேலை இல்லை. அதைப் பின்னால் இழுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிரேக், ஆக்ஸிலரேட்டர் இரண்டுக்கும் வலது கால் மட்டுமே. மேனுவல் பழக்கத்தில் கிளட்ச் என்று நினைத்து இடது காலால் பிரேக்கை மிதித்தால் வண்டி நடுரோட்டில் குத்தி நிற்கும், பின்னால் வருபவர் வந்து முட்டுவார். டி.-யில் போட்டுப் பிரேக்கை விட்டாலே வண்டி நகரும் என்பதை எப்போதும் நினைவில் வையுங்கள். வீட்டு வாசலில் குழந்தைகள் நிற்கும்போது எஞ்சினை அணைக்காமல் இறங்காதீர்கள். முதலில் ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியான மைதானத்தில் முன்னும் பின்னும் ஓட்டிப் பழகுங்கள்.

பல ஏ.எம்.டி. வண்டிகளில் பி. (பார்க்கிங்) பொசிஷன் கிடையாது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கியரிலேயே வைத்து எஞ்சினை அணைக்க வேண்டும். ஏற்றத்தில் நிற்கும்போது ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்து வண்டியைத் தாங்கிப் பிடிக்காதீர்கள், கிளட்ச் பிளேட் எரியும். பிரேக்கை மிதித்து நில்லுங்கள்.

வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் போனால், ஏறுவதைவிட இறங்குவதில் கவனம் வேண்டும். டி.-யிலேயே விட்டுப் பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும். லீவரை எம்.-க்கோ (மேனுவல்) எல்.-க்கோ (லோ) தள்ளி, இரண்டாவது கியரில் நிறுத்தி, எஞ்சின் பிடியில் இறங்குங்கள். நியூட்ரலில் இறக்குவது எந்த வண்டியிலும் கூடவே கூடாது.

கப்பலூர் டோல்கேட் பக்கம் போவதற்கு முன்னால் பழைய ஓனரின் ஃபாஸ்டேக்கை எடுத்துவிட்டு உங்கள் பெயரில் புதிதாக வாங்கி ஒட்டுங்கள். புது ஆர்.சி. தபாலில்தான் வரும், அதனால் விண்ணப்பத்தில் விலாசத்தையும் போன் நம்பரையும் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்து அனுப்புங்கள்.